காதைத் தவிர எல்லாம் பார்த்தார்கள்

எங்கள் அப்பாவின் ரத்த அழுத்தம் என்ன, சர்க்கரை என்ன, எடை என்ன, இடுப்புச் சுற்றளவு என்ன என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும். கண்ணில் புரை விழுந்ததும் தெரியும், அதை எடுத்ததும் தெரியும். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது மட்டும் தெரியாது. நானாகப் போய்ச் சொன்ன பிறகும் தெரிந்துகொள்ள மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து விசைத்தறி ஓட்டுகிறார். சொந்தத் தறி கிடையாது, கூலிக்குத்தான். தறிக்குடோனுக்குள் ஒருமுறை போய் நின்றவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நிற்காதவர்களுக்கு விளக்கிப் பிரயோசனமில்லை. அம்மாவும் கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே குடோனில்தான் நூல் சுற்றினாள். எங்கள் வீட்டில் டிவி ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியைப் போடுவதில்லை. மின்சாரம் மிச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

குடோனில் யாரும் கத்திப் பேச மாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. வாயைப் பெரிதாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அப்பா இதில் பலே கெட்டிக்காரர். முகத்துக்கு நேராக நின்று பேசினால் ஒரு சொல் தப்பாது. அதனாலேயே அவருக்குக் காது எந்த அளவுக்குப் போய்விட்டது என்பது எங்களுக்கே வெகுநாள் உறைக்கவில்லை. கொரோனா வந்து ஊரே வாயை மூடிக்கொண்டபோதுதான் வெளிச்சமாயிற்று. கொரோனா போய்விட்டது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகக்கவசம் மட்டும் போகவில்லை.

இதோடு அப்பாவின் மரியாதையும் சேர்ந்துகொண்டது. யார் எது சொன்னாலும் அவர் சொல்வது ஒரே பதில்: "ஆகட்டுங்க." எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் காலம் தள்ளலாம். சரி என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள், நீங்கள் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் உங்கள் மனசு நோகக் கூடாது என்றும் பொருள். இதில் எது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிற டாக்டருக்கு அது எங்கே தெரியப் போகிறது.

வீடு தேடி மாத்திரை கொண்டு வரும் திட்டத்தில் ஓர் அக்கா வருவார். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. ஆனால் அவருக்கு இந்தத் தெரு முடிந்தால் அடுத்த ஊர். வண்டியில் உட்கார்ந்தபடியே வாசலிலிருந்தே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை நான் போயிருந்தபோது அம்மாவிடம், அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எதையோ அடக்கச் சொன்னாங்க அம்மணி. வாயைத்தானாட்ட இருக்குதுன்னு இனிப்பை நிறுத்திப்போட்டேன்" என்றாள் அம்மா.

அக்கா சொன்னது தினமும் நடக்கச் சொல்லி. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது, அன்றைக்கே சண்டைக்குப் போயிருக்க வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குப் போக முடியும். ஒரு வாரம் அப்பா தனியாகச் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். புதிதாக வந்த டாக்டர் சர்க்கரை குறையவில்லை என்று பார்த்து, பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அதற்குப் பதிலாக வேறொன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது, சரியாகத்தான் செய்திருக்கிறார். அப்பாவும் சரியாகத்தான் செய்தார். ஆகட்டுங்க என்றார். பழைய மாத்திரை வீட்டில் நிறைய இருந்தது, அதற்குச் சில நாள் முன்புதான் மாத்திரைக்கார அக்கா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது டாக்டருக்குத் தெரியாது. டாக்டர் மாற்றியது அக்காவுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்ட அப்பா, இரண்டையும் சேர்த்தே விழுங்கினார். காலையில் சாப்பிடாமல் தறிக்குப் போகும் பழக்கம் வேறு.

ஒருநாள் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, ஓடுகிற தறிக்கு முன்னால் மயங்கி விழுந்தார். அடுத்த தறிக்காரர் பார்த்து ஓடி வந்து தறியை நிறுத்தினார். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தால் அப்பா இன்று இல்லை. நூற்றியெட்டில் ஏற்றிக்கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் பட்டறையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பா உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல கண்ணு, சித்த கிறுகிறுன்னு வந்துருச்சு" என்றார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழுகையை அடக்கிவிட்டேன், கோபத்தை அடக்கவில்லை.

மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் சொன்னார், "நல்லாத் தெளிவாச் சொன்னோமுங்க. அவரும் ஆகட்டுங்கன்னுதான் சொன்னாருங்க." மாத்திரைக்கார அக்காவும் அதையே சொன்னார். எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். யாரும் தப்பு செய்யாமலே ஒரு மனுஷன் தறிக்கு முன்னால் விழுகிறான் என்றால் நான் யாரைப் போய்த் திட்டுவது?

"அவருக்குக் காது கேட்காதுங்க. முதல்ல காதைப் பாருங்க" என்றேன்.

"காது எங்க திட்டத்துல வராதுங்களே" என்றார் நர்ஸ், அவ்வளவு பணிவாக. எங்கள் ஊரில் இதுவும் ஒரு தொல்லை. சண்டை போடப் போனால் எதிராளி நம்மைவிட மரியாதையாகப் பேசிச் சண்டையைக் கெடுத்துவிடுவார்.

காது எந்தத் திட்டத்தில் வரும் என்று விசாரித்து அலைந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, சோதிக்கிற அறை ரிப்பேர், அடுத்த முகாமுக்கு வாங்க என்றார்கள். முகாமுக்குப் போனோம். மண்டபம் நிறையக் கூட்டம், பாதிப் பேர் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லோரும் எதிரில் இருப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். காது கேளாதவர்களை, மைக்கில், முதுகைக் காட்டிக்கொண்டு. கூப்பிட்ட பெயருக்கு ஆள் வராததால் அடுத்த பெயருக்குப் போனார். நான் மேடையேறி ஒரு சத்தம் போட்டேன். அது மட்டும் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் அப்பாவைச் சோதித்துப் பார்த்து, இலவசக் காது மெஷின் கிடைக்கிற அளவுக்குக் காது இன்னும் மோசமாகவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் செவிடாகிவிட்டு வரச் சொல்கிறார்கள் போல என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

நானே கடையில் ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் மாட்டினார். மூன்றாம் நாள் அது பீரோவுக்குள் போய்விட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "கூட்டத்துல போட்டா எல்லாரு பேச்சும் ஒண்ணாச் சேந்து தறியாட்டவே கேக்குது அம்மணி. அதுக்குத் தறிக்கே போயிரலாமல்லொ" என்றார்.

மறுபடி தறிக்குப் போக முடியுமா என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. விழுந்த வாரமே குடோன்காரர் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்தார், ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். போகும்போது, "ஏனுங்க, ஒடம்பு சேரியான பொறவு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க, அவசரமில்லீங்க" என்றார். முகத்துக்கு நேராகச் சொன்னதால் அப்பாவுக்கு முழுக்கப் புரிந்தது. டாக்டர் சம்மதிக்காமல் இனித் தறி கிடையாது. அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து வாசலில் நிற்பதும், குடோன் பக்கம் போகிறவர்களைப் பார்ப்பதுமாக இருந்தார். சாப்பாடு குறைந்தது. அம்மாவிடம்கூடப் பேச்சில்லை.

எனக்கோ அவர் போக வேண்டாம். ஒளிக்காமல் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்காரர், காது கேட்காதவர், ஓடுகிற தறிக்கு முன்னால் எதற்கு நிற்க வேண்டும்? என் சம்பளத்தில் இரண்டு பேருக்குக் கஞ்சி ஊற்ற முடியாதா?

அடுத்த பரிசோதனைக்கு லீவு போட்டு நானும் உடன் போனேன். டாக்டர் மறுபடியும் மாறியிருந்தார். இந்த முறை வேறொரு இளைஞர். முகக்கவசம் போட்டிருந்தார், வெளியே கதவு வரைக்கும் கூட்டம். "அப்பாவுக்குக் காது கேட்காது, நேராகப் பார்த்துப் பேசினால் புரியும்" என்று முதலிலேயே சொன்னேன். என்ன புரிந்துகொண்டாரோ, நாற்காலியை என் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் என்னிடமே சொல்ல ஆரம்பித்தார். சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது, பழைய மாத்திரை வேண்டவே வேண்டாம், இது மட்டும் போதும். அப்பா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கி வந்த சாமானைப் பற்றிக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசிக்கொள்வது மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் புரிகிற மாதிரி சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

"வேலைக்குப் போலாங்களா?" என்று நானே கேட்டேன்.

"காலைல சாப்பிட்டுட்டு, பாக்கெட்ல கொஞ்சம் சர்க்கரை வெச்சுக்கிட்டுப் போகட்டும். பகல் ஷிப்ட் மட்டும் போதும். நைட் வேண்டாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தறிக்குப் போறதுக்கு என்ன சொன்னாருங்க?" அப்பாவுக்கு என்மேல் கோபமோ சந்தேகமோ வந்தால் என்னையும் நீங்க போட்டுத்தான் பேசுவார்.

"பாக்கலாம்னு சொன்னாருங்கப்பா. கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க" என்றேன்.

அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தார். "நீங்க உங்களுக்கு வேணுங்கறதச் சொல்றீங்க" என்றார்.

உடனே திரும்பி நடந்தார். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனார். வாழ்நாளில் ஒரு கல்யாணப் பந்தியில்கூட முந்தி உட்காராத மனுஷன். உள்ளே ஒரு பாட்டியம்மாவுக்கு டாக்டர் பிரஷர் பார்த்து முடித்திருந்தார். அந்த அம்மா எழுந்ததும் அப்பா அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டருங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க. நோவு எனக்குத்தானுங்க" என்றார் அப்பா.

"உங்க பொண்ணுகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே பெரியவரே. அவங்களே சொல்லுவாங்க. வெளில கூட்டம் நிக்குது பாருங்க" என்றார் டாக்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. பிறகு என்னைப் பார்த்தார், கூட்டிக்கொண்டு போங்கள் என்பது மாதிரி. நான் அசையவில்லை. கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தேன், கால் வரவில்லை.

கதவருகே இருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "ஏனுங்க பெரியவரே, நாங்களும் வெள்ளனே வந்து நிக்கறமுங்க!" "எந்திரிச்சு வாங்க சாமி, எல்லாருக்கும் சோலி இருக்குதுங்க!" யாரோ கதவைத் தட்டினார்கள். நர்ஸ் வந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஐயா, எந்திரிங்க" என்று நாலைந்து முறை சொன்னார்.

அப்பாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தபடி, அந்த ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.