மிதிக்காமல் வந்த வழி

காரைக்காலில் மேடு என்றால் ஆற்றுப் பாலமும், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் குவித்திருக்கும் நிலக்கரியும்தான். போன கோடையில் நானும் மனைவியும் கல்வராயன் மலையில் சைக்கிள் ஓட்டினோம். காலையெல்லாம் ஏறி, மதியத்துக்குமேல் இறங்கினோம். மரவள்ளிக் கொல்லைகளும் மேகநிழலும் இருபுறமும் மெல்ல நழுவின. இறக்கத்திலும் நான் மும்முரமாக மிதித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரில் மிதிக்காவிட்டால் வண்டி நின்றுவிடும். சமதரையிலேயே பழகிய கால்களுக்கு வேறென்ன தெரியும்?

"கால சும்மா வைங்க. அதுவா போவுது," என்றாள் மனைவி.

வைத்தேன். பொழுது சாயும்வரை, தூக்கத்தில் போவதுபோல, மலை எங்களைச் சுமந்து இறக்கியது.

ஊர் திரும்பிய மறுநாள், தருமபுரம் சாலையில் கடற்காற்று எதிரே அடித்தது. என்னையறியாமல் மிதிப்பதை நிறுத்தியிருந்தேன். சைக்கிள் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"மிதிங்க. நம்ம ஊரு வந்துட்டு."