ரயீசாவின் சுட்டுவிரல்

ரயீசா த்ரோஃபிமோவ்னாவின் வலக்கைச் சுட்டுவிரல் மேல் கணுவிலிருந்து இடப்பக்கமாக வளைந்தது. சலவைக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் துணி பிழியும் உருளைக்குள் போய்வந்த விரல். முப்பது வருஷமாக அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பொத்தான் போடும், உருளைக்கிழங்குத் தோல் சீவும், தேவாலயத்தில் சிலுவை இடும். எங்கள் மலையில் உலகக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்த அந்தப் பிப்ரவரியில்தான் அது நாட்டுக்கு எதிராகத் திரும்பியது. நடந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது என் கடமை. மற்றவர்கள் எழுத மாட்டார்கள்; அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

ரயீசாவை நாங்கள் ராயா என்றுதான் கூப்பிடுவோம்; ராயாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஓட்டலின் நான்காம் மாடிப் பொறுப்பாளர். லிஃப்ட் திறந்தால் எதிரே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவள். சாவி கொடுப்பாள், சாவி வாங்குவாள், எந்த அறைக்கு யார் வந்தார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வாள். அவளுடைய வீடு வால்நட் தெருவில் ஏழாம் எண்ணாக இருந்தது. பனிச்சறுக்கு வீரர்கள் பறந்துவந்து இறங்கும் தாவுமேடைக்காக அந்தத் தெருவை எடுத்துக்கொண்டபோது, அவளுக்கு ஓட்டலின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டும். இந்த நிபந்தனையை அச்சடித்துக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்ற படத்துக்கு நேர் கீழே. கணவன் இறந்தாயிற்று, பிள்ளைகள் இல்லை. அந்த அறையைத் தவிர அவளுக்குப் போக ஓர் இடமும் இல்லை.

எதிர்வீட்டு ஹஸ்மிக் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆர்மீனியச்சி, பிடிவாதம் ஜாஸ்தி. மைத்துனன் வீட்டு வராந்தாவில் படுத்துக்கொண்டு, "எங்கள் தெருவில் வீடுகள் இருந்தன, மாற்று வீடு கொடுங்கள்" என்று நீதிமன்றத்துக்குப் போனாள். பகலில் எங்கள் ஓட்டல் சமையலறையிலேயே சூப் கிண்டினாள்.

வினை ஜாமில் தொடங்கியது. நானூற்றுப் பதினொன்றாம் அறையில் ஒரு நார்வே நாட்டுச் செய்தியாளர் தங்கியிருந்தாள். சின்னப் பெண், மூக்கொழுக்கிக்கொண்டு வந்து நின்றாள். ராயாவுக்குப் பொறுக்கவில்லை. தேநீரும், பச்சை வால்நட் காயில் போட்ட ஜாமும் எடுத்துக்கொண்டு அறைக்கே போனாள்.

"இது எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"கடையிலயா? போ கண்ணு. என் சொந்த மரத்துக் காய். கடைசிக் காய்."

"மரம் எங்க இருக்கு?"

"அதோ, அங்க இருந்துச்சு."

ராயா ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள். கேமரா 'க்ளிக்' என்றது. ஜாமைப் படம் எடுக்கிறாள் என்று ராயா நினைத்தாள்.

மூன்றாம் நாள் படம் வந்தது. முகம் இல்லை, ஒரு கை, ஒரு ஜன்னல், வெளியே மலை. கை தாவுமேடையைத்தான் நோக்கிப் போனது. ஆனால் விரல் நுனிக்கு வேறு கருத்து இருந்தது. அது இடப்பக்கம் திரும்பி, குன்றின்மேல் பச்சைக் கூரை போட்ட மாளிகையைக் காட்டியது.

அந்த மாளிகை ஒரு வானிலை நிலையம். எங்கள் ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நான்கு ஆள் உயர மதில், ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் வானிலை அறிஞர்கள், அவர்களோடு வரும் சமையல்காரர்கள், பாடகிகள். மழை எப்போது வரும் என்று மட்டும் அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகையோ படத்துக்குக் கீழே, "இது யாருடைய மாளிகை? உள்ளூர்ப் பெண் துணிந்து கை காட்டுகிறார்" என்று போட்டுவிட்டது. இரண்டே நாளில் பதினான்கு நாட்டுப் பத்திரிகைகளில் ராயாவின் கை வெளியானது. எங்கள் தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. தினமும் மூன்று மணி நேர விவாதம். அது எந்த நாட்டு உளவுத்துறையின் கை என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், நம் நாட்டுப் பெண்கள் இப்படி விரல் நீட்டமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். எலும்பியல் பேராசிரியர் ஒருவர் குச்சியால் தொட்டுக்காட்டி, இது ஆணின் கை என்று நிரூபித்தார். நேரம் மிச்சமிருந்தால் போட்டியையும் காட்டினார்கள்.

"ராயா, உன் கைய ஆம்பளக் கைங்கிறான்டி!" சமையலறை டிவிக்கு முன்னால் ஹஸ்மிக் கரண்டியோடு நின்றாள்.

"மெதுவாப் பேசு, பாவி."

"எதுக்கு மெதுவா? உன்னக் காப்பாத்த கடவுளே புரொஃபசர் வேஷத்துல வந்திருக்காரு. நீ வாயத் திறக்காத. கைய பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கோ. ரெண்டு வாரம், அவ்ளோதான்."

நல்ல யோசனை. ராயா ஒன்றரை நாள் அதன்படி நடந்தாள். ஓட்டலுக்குள்ளேயே கம்பளிக் கையுறை போட்டாள். இடக்கையால் சாவி கொடுத்தாள். லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் வலக்கையை மேஜைக்கடியில் ஒளித்தாள். திறந்தால் ஜெர்மானியர்கள் சறுக்குக் கட்டைகளோடு நிற்பார்கள். கதவு மூடும். மறுபடி மணி அடிக்கும். சூப் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவள் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

எங்களிடம் ஒரு தட்டு உடைந்தாலும் முதல் வேலை, உடைத்தவரிடம் விளக்கக் கடிதம் வாங்குவது. தட்டை அப்புறம் பெருக்கலாம். ராயா தன் உத்தியோகத்தில் நாற்பத்தாறு விளக்கக் கடிதங்கள் எழுதியவள்: காணாமல்போன துண்டு, கசிந்த குழாய், யாருக்கும் சொல்லாமல் இறந்துபோன விருந்தாளி. இத்தனையிலும் அவள் கற்றது ஒன்றுதான். முதலில் எழுதுபவர் தப்பிப்பார். பின்னால் எழுதுபவர் தலையில் விழும். இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே எழுதி, காரியதரிசியிடம் முத்திரை வாங்கி, நூற்றொன்பது என்று எண்ணும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் மேலாளர் வதீம் க்ளேபோவிச் கூப்பிட்டார். முகம் மாவுபோல வெளுத்திருந்தது.

"ரயீசா த்ரோஃபிமோவ்னா, உங்ககிட்ட யாராச்சும் விளக்கம் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"கேக்கறதுக்கு முந்தியே குடுத்துட்டா நல்லதுன்னு..."

அவர் கடிதத்தை எடுத்து வாசித்தார். "'நான் பச்சைக் கூரை மாளிகையைக் காட்டவில்லை. ஏழாம் எண் வீட்டிலிருந்த என் மரத்தையே காட்டினேன். விரல் வளைந்திருப்பதால் மாளிகை குறுக்கே வந்துவிட்டது. மாளிகைப் பக்கம் விரல் திரும்பியதற்கு வருந்துகிறேன்.' மாளிகை, மாளிகை, மாளிகை! இந்த ஓட்டல் கட்டின நாள்லேர்ந்து இங்க ஒரு காகிதத்துலகூட அந்த வார்த்தை கிடையாது. அங்க என்ன இருக்கு?"

"வானிலை நிலையம்."

"தெரியுதுல்ல?"

"வானிலை நிலையத்தக் காட்டலன்னு மாத்தி எழுதவா?"

"வானிலை நிலையத்தக் காட்டினா என்ன தப்பு, அதுக்கு ஏன் வருத்தப்படறீங்கன்னு கேப்பாங்களே!"

"அப்ப கிழிச்சிடுங்களேன்."

"நம்பர் போட்டாச்சே அம்மா! நூத்தியெட்டு இருக்கு, நூத்திப்பத்து இருக்கு, நடுவுல இருந்தது எங்கன்னு கேட்டா நான் விளக்கம் எழுதணும்."

மேஜை இழுப்பறையிலிருந்து இதய மருந்தை எடுத்து, தனக்கு இருபது சொட்டும் அவளுக்குப் பதினைந்து சொட்டும் விட்டார். இருவரும் குடித்தார்கள். வைத்துக்கொண்டாலும் ஆபத்து, கிழித்தாலும் ஆபத்து என்பதால் அவர் கடிதத்தை மேலே அனுப்பினார். தேசமே தேடிய கையின் பெயரும் விலாசமும், அதன் சொந்தக்காரியின் கையெழுத்திலேயே மாஸ்கோ போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையே ஒருவர் வந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர், மெல்லிய குரல். பெயர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. லிஃப்ட் மணி அடித்து அவர் வெளியே வந்ததும் ராயா எழுந்து நின்றுவிட்டாள். அந்த நார்வேப் பெண் மலைக்குப் போயிருந்தாள். அவள் அறையையே திறக்கச் சொன்னார். ராயா இடக்கையால் சாவியை நீட்டினாள். அவரே வாங்கித் திறந்தார்.

"பயப்படாதீங்க, ரயீசா த்ரோஃபிமோவ்னா. கையுறையக் கழட்டுங்க. மரம் இருந்த எடத்தக் காட்டுங்க பாப்போம்."

அவள் காட்டினாள். அவர் துப்பாக்கி குறிபார்ப்பவர்போல அவள் தோளருகே கன்னத்தை வைத்து, விரலின் வழியே பார்த்தார். பச்சைக் கூரை. அவருடைய மூச்சு அவள் காதில் பட்டது. பிறகு இரண்டு விரலால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஜாடியை நகர்த்துவதுபோல மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார்.

"இப்ப எதைக் காட்டறீங்க?"

"தாவுமேடைய."

"பிரமாதம். விரல் கோணல்னு ஒத்துக்கறேன். ஆனா பாருங்க, வீட்ட இழந்த அம்மா கை காட்டறாங்கன்னா, அதுவும் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு செய்திதானே? அங்க வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அப்படி எழுதுவாங்க?" மணிக்கட்டை அவர் விடவில்லை. "உங்க ரூம் வசதியா இருக்கா? சூடு பத்துதா?"

"வசதியா இருக்குங்க."

"தாவுமேடைக்கு முந்தி அங்க என்ன இருந்துச்சு?"

இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீடு. நீலக் கதவு. சமையலறை ஜன்னலில் தக்காளி நாற்று. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. கதவின் உட்பக்கம் ஒட்டிய காகிதமும் கூடவே வந்தது.

"காலி மனை."

"உங்களுது மட்டுமா?"

"தெரு... தெரு முழுக்க."

அதையே தட்டச்சு செய்த தாள் அவர் பையில் ஏற்கெனவே இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அந்த விரல் பேனாவை நன்றாகவே பிடித்தது. பழைய நூற்றொன்பது இருந்த இடத்தில் புதிய நூற்றொன்பதைக் கோப்பில் வைத்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனார். அன்றைக்கே தொலைக்காட்சியில் விளக்கம் வந்தது: ஓட்டல் ஊழியர் ஒருவர் பனி பெய்கிறதா என்று பார்க்கக் கை நீட்டினார். பேராசிரியரும் கர்னலும் அடுத்த நாளிலிருந்து நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

ராயா சமையலறைக்கு இறங்கிப் போனாள். ஹஸ்மிக் அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என்னடி கேட்டான்?"

"விரலப் பத்தி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நான் செத்தேபோயிட்டேன் போ!" ஹஸ்மிக் சிரித்துக்கொண்டே, அடியில் கிடந்த நல்ல கறித்துண்டாகத் தேடி எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டாள். "உன்னத் துரத்தியிருந்தா என் கேசு என்னாகும்? போட்டி முடிஞ்ச மறு வியாழக்கிழமை வாய்தா. தெருவே திக்குக்கு ஒண்ணாச் செதறிப்போச்சு, சாட்சி சொல்ல மிச்சம் நீ ஒருத்திதான். ஏழாம் நம்பர் இருந்துச்சு, எதுத்தாப்ல எட்டாம் நம்பர் இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். சொல்லுவேல்ல?"

"சாப்பிட்டுட்டுப் பேசறேன்டி."

கிண்ணத்தில் மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பாள். ராயா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

நிறைவு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் என்று டிவி சொன்னது. எங்கள் ஊரே அந்த ஒன்பது நாள் எப்போது கழியும் என்று காத்திருந்தது: சாலையைத் திறப்பார்கள், ரொட்டி வண்டி நேரத்துக்கு வரும், அடையாள அட்டை இல்லாமல் அத்தை வீட்டுக்குப் போகலாம். ராயா மட்டும்தான் திடீரென்று விளையாட்டில் அக்கறை காட்டினாள். காலையில் எழுந்ததும் வாய்தா வியாழனுக்கு எத்தனை நாள் என்று எண்ணிவிட்டு, ஜன்னலில் பனியைப் பார்த்தாள். பனி உருகாமல் கிடந்தால் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"பனி உருகிட்டா போட்டியத் தள்ளிவெப்பாங்களா?" என்று சாவி வாங்க வந்த நார்வேப் பெண்ணிடம் கேட்டாள்.

"கவலையே படாதீங்க," என்றாள் அவள், ஜலதோஷம் விட்ட குரலில். "எல்லாம் சொன்ன தேதியில முடிஞ்சிடும்."

ராயா சாவியைக் கொடுத்தாள். வலக்கையால்தான்.