கழுதை விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு

எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சோறு ஆறிப்போகும். மலைக்குள் புதைந்த ஒரு நகரத்தைத் தேடிப் போகிறவனின் கதை. பழைய ஆங்கிலப் படம். தமிழில் பேசவைத்து அறந்தாங்கித் தியேட்டரில் மறுபடி போட்டபோது என் கணவர் எட்டாம் வகுப்பு. முதல் பாகத்தைப் பார்க்காமலே இரண்டாவதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வந்தவர் எங்கள் ஊரில் இறங்க மறந்து அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தாராம். இன்றைக்கும் அவருக்குப் படம் என்றால் அதுதான்.

கொழுந்தனாருக்கு முதல் பாகம்தான் உயிர். "அதுல அவன் சிரிச்சுக்கிட்டே தப்பிப்பான் மதினி. இதுல ஒரு கழுதைக்காக ஒக்காந்து அழுகுறான். ஹீரோ அழுகலாமா?" என்பார். மாமனாருக்கு வேறு குறை. பள்ளத்தில் விழுந்த அந்தக் கழுதை செத்ததா பிழைத்ததா என்று கடைசிவரை காட்டவில்லையாம். "ஹீரோ அழுகுறது இருக்கட்டும். கழுத என்னாச்சு? அதச் சொல்லணுமா இல்லையா?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது கணவர் குவைத் போனார். இப்போது அவளுக்கு ஐந்து வயது. நடுவில் இரண்டு முறை வந்து போனார், அவ்வளவுதான். போனில் அப்பா முகம் தெரிந்ததும் அவள் முதுகை நிமிர்த்திக்கொள்வாள்.

"சாப்பிட்டியா ஆத்தா?"

"சாப்பிட்டேங்க."

"ஸ்கூலுக்குப் போனியா?"

"போனேங்க."

பிறகு போனை என் கையில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். தாத்தாவை 'ஐயா' என்று கூப்பிட்டு வா போ என்பாள். சித்தப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு 'டேய்' என்றுகூடக் கூப்பிடுவாள். அப்பாவுக்கு மட்டும் 'ங்க'. சொல்லிக்கொடுத்தது நான்தான். அப்பா பக்கத்தில் இல்லாமல் வளர்ந்த பிள்ளை, மரியாதை தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். ஒருநாள் அவர், "ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்குற அம்மாகிட்ட பேசுற மாதிரியில்ல எங்கிட்ட பேசுறா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. சரியென்று எண்ணித்தான் செய்தேன், அப்பாவையும் மகளையும் நானே பிரித்து வைத்துவிட்டேனோ?

படத்தைச் சேர்ந்து பார்க்கலாம் என்று சொன்னது அவர்தான். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் நீங்க டிவியில போடுங்க, நான் இங்க லேப்டாப்புல போடுறேன். போன் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அந்தப் படத்தைப் பற்றி இணையத்தில் பார்வையாளர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருவர் இருட்டும் எலும்புக்கூடும்தான் மிச்சம், குழந்தைகளுக்குக் காட்டவே கூடாது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர் தன் நாலு வயது மகன் தினமும் இதைத்தான் கேட்கிறான் என்றிருந்தார். முதல் பாகத்தின் கால் தூசிக்குக் காணாது என்று ஒரு கூட்டம். இதற்கு ஈடாக இன்றுவரை ஒன்று வரவில்லை என்று இன்னொரு கூட்டம். கழுதையைப் பற்றி மட்டுமே ஒரு நீளமான சண்டை நடந்துகொண்டிருந்தது. படிக்கப் படிக்க, காட்டலாமா கூடாதா என்பது எனக்கு இன்னும் குழம்பிப்போனது.

வெள்ளிக்கிழமை மாலை மாமனார், கொழுந்தனார் எல்லோருமாக உட்கார்ந்து, டிவிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தோம். அவர் மூன்று எண்ணினார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். எங்கள் நெட் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் கிளம்பியது. அதனால் அவருடைய படம் பத்து நொடி முன்னால் ஓடியது. எனக்கு அது உறுத்தியது. நிறுத்திச் சரிசெய்யலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

அதற்குள் போனில் அவர், "ஆத்தா, சிலை வாயத் தொறக்கப் போகுது, பயப்படாத" என்றார். டிவியில் பெரிய கற்சிலை ஒன்று அசையாமல் நின்றிருந்தது. மகள் போனைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். சிலை வாயைத் திறந்தது.

"அப்பாவுக்கு எப்புடிம்மா தெரியும்?" என்றாள். கண்கள் விரிந்திருந்தன. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு மலை பிளந்தது. உள்ளே படிப்படியாக இறங்கும் ஒரு நகரம், அதன் வீதிகளில் யாரோ நேற்றுத்தான் விளக்கை அணைத்துவிட்டுப் போனதுபோல ஓர் அமைதி, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிக் கூரையாக ஒரு ஏரி. அத்தனை பேர் எழுதியதைப் படித்திருந்தும் இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். கொழுந்தனார்கூடப் பேசவில்லை.

அந்த நேரத்தில் போன் கட்டானது.

டிவியில் ஹீரோவும் கழுதையும் பள்ளத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். எச்சரிக்க அப்பா குரல் இல்லை. நிறுத்துவதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கல் சரிந்தது, கழுதை விழுந்தது. அவன் மண்டியிட்டு அழுதான். மகள் என் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், முகம் நனைந்திருந்தது. பயந்தது நடந்துவிட்டது, காட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

போன் மறுபடி அடித்தது. "கட்டாயிருச்சு, நான் படத்த நிப்பாட்டி வச்சிருந்தேன். இப்பத்தான் போட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?" என்றார். இப்போது அவர் எங்களுக்கு ஒரு நிமிடம் பின்னால்.

நான் பதில் சொல்வதற்குள் மகள் போனை இரண்டு கையாலும் தூக்கிவிட்டாள்.

"அப்பா, நீ கண்ண மூடிக்க! கழுத விழுகப் போகுது! நீ பாக்காத!"

நீங்க என்று சொல்லு என்ற வார்த்தை பழக்கத்தில் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அங்கே அவர், "மூடிட்டேன் ஆத்தா. போயிருச்சா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இரு, இரு. இன்னும் அவன் அழுகுறான். நீ அழுகாத, என்ன? ஐயா சொல்லுச்சு, கழுதைக்கு ஒண்ணும் ஆகல."

அப்படிச் சொல்லவே சொல்லாத மாமனார், "ஆமா, ஆமா, நீந்திப் போயிருச்சு" என்றார். கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பள்ளத்துல ஏதுப்பா தண்ணி?" என்று முணுமுணுத்தார்.

மீதிப் படம் முழுவதும் போன் அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு ஆபத்தையும் அப்பாவுக்கு முன்கூட்டியே சொன்னாள். சிலதைத் தப்பாகச் சொன்னாள், இல்லாத பேயையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொண்டாள். அவர் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடினார்.

கடைசியில் ஏரி உடைந்து, நகரத்தின் மேல் அத்தனை தண்ணீரும் இறங்கியது. எங்கள் டிவியில் பெயர்கள் ஓடத் தொடங்கின. அப்பாடா என்று எழுந்த மாமனார், "முடிஞ்சிருச்சுப்பா…" என்று போனைப் பார்த்து ஆரம்பித்தார். மகள் எட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாத ஐயா. அப்பாவுக்கு இன்னும் தண்ணி வரல."

நாங்கள் நாலு பேரும் அசையாமல் நின்றோம். குவைத்தில் நான் பார்த்தே இராத ஓர் அறையில், என் கணவரின் லேப்டாப்பில், ஏரி விரிசல் விடும் சத்தம் போனுக்குள் மெல்லக் கேட்டது. அவள் உதடு போனைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள்.

"இப்பக் கண்ணத் தொறந்துக்க," என்றாள். "இது பயமில்ல. இத நீ பாக்கணும்."