என் பிறந்தநாளில் அண்ணனின் விளக்கு

நான் பிறந்த திகதியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. கிறிஸ்மஸுக்கு மறுநாள். பத்திரிகையின் ஒரு மூலையில் வரலாற்றில் இன்று என்று நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் எல்லாம் போடுவார்களே, அந்தத் திகதிக்குச் சுனாமியைத்தான் போடுவார்கள். என்னையா போடுவார்கள்? வீட்டிலும் அதே கதைதான். கல்குடாவில் மாமியைக் கடல் கொண்டுபோன பிறகு எனக்குப் பிறந்தநாள் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. காலையில் கடற்கரை நினைவுத்தூணில் மாமியின் படத்துக்கு மாலை, விளக்கு, ஒப்பாரி. பின்னேரம் எல்லோருக்கும் தலையிடி.

யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருடம், விளக்கு வைத்துவிட்டு வரும் வழியில் கேக் வாங்குவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். கடற்கரைக்குப் போய்ப் பையைத் திறந்தபோது மாமியின் படத்தோடு அண்ணனின் படமும் வெளியே வந்தது.

அண்ணனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சுனாமிக்குப் பிறகும் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அவன். வன்னிக்கு மேசன் வேலைக்குப் போய் அகப்பட்டு, யுத்தத்தின் கடைசி நாட்களில் ஷெல் விழுந்து செத்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமிக்கு என் நாளை விட்டுக்கொடுத்தது போதாதா?

“அண்ணன் செத்தது வைகாசியிலதானே அம்மா?”

“வாயப் பொத்து புள்ள.” தொடையில் கிள்ளு விழுந்தது.

அன்றைக்கு முகாமிலிருந்து ஆமிக்காரரும் மெழுகுதிரியோடு வருவார்கள். ஒருவர் எங்கள் பக்கம் வந்து அண்ணனின் படத்தைக் குனிந்து பார்த்தார்.

“மகனா? சுனாமியா?”

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளைப் பிடித்த பிடியில் சத்தம் வரவில்லை.

“ஓம் ஐயா. கடல்தான் கொண்டு போன” என்றாள் அம்மா.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அதன் பிறகுதான் அம்மா மணலில் விழுந்து வாய்விட்டு அழுதாள். மாமிக்கு அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை.

கேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். “பொய் சொல்லி என்ட நாள அவனுக்குக் குடுத்திட்டீங்க.”

“வைகாசியில அழ ஏலாது மகள்” என்றார் அப்பா.

அழுவதற்கு ஏலாத மாதமும் உண்டா என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் கூடியது. இப்போதும் ஆத்திரம் இருக்கிறது, ஆனால் அம்மா மேல் இல்லை. யுத்தத்தில் செத்தவர்களுக்கு வைகாசியில் விளக்கு வைக்க ஆமி விடாத காலம் அது; பெற்ற பிள்ளைக்கு அழுவதற்கு ஒரு தாய் வேறொரு சாவின் திகதியை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

அந்த விளக்குக்கு முன்பு, அதே வருடம் வைகாசியில், அண்ணனின் முதலாம் ஆண்டு வந்த கிழமையில், யுத்த வெற்றி விழா என்று ஆமிக்காரர் சந்தியில் நாங்கள் போன பஸ்ஸை மறித்துத் துண்டு துண்டாக வெட்டிய பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தின்று முடித்தாள். எதற்கான பாற்சோறு என்று நான் யோசிக்கவில்லை. ருசியாக இருந்ததால் இன்னொரு துண்டு வேண்டுமென்று அடம்பிடித்தேன். அம்மா இறங்கிப் போய்க் கேட்டு வாங்கிவந்து தந்தாள்.