கம்பளி ஏற்றிய வேகன்

தாம்பரத்தில் காலை மின்சார ரயிலுக்கு என்னோடு நிற்பவர் அவர். ஓய்வுபெற்ற கூட்ஸ் கார்டு. ஒட்ட வெட்டிய நரைமுடி. கூட்ஸ் வண்டி கடந்தால் போதும், குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பார். அதற்குள் எங்கள் ரயிலே போய்விடும்.

“ரிட்டயர் ஆகியும் என்ன சார் இது?” என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டேன்.

“நான் வேலையில இருந்தப்ப ஒரு சண்டை நேரம் சார். ராணுவத்துக்குச் சாமான் போற வண்டி. ஒரு வேகன்ல அச்சு சூடாகிப் புகைஞ்சுது. ரூல்படி வழியில கழட்டி விட்டுட்டேன். உள்ள முழுக்கக் கம்பளி.”

“நல்லதுதானே? தீப்பிடிச்சிருக்குமே!”

“பாராட்டுனாங்க சார். ஆனா கம்பளி போய்ச் சேரும்போது அங்க எல்லையில பனியே முடிஞ்சுபோச்சு.”

எல்லையில் மறுபடி சண்டை மூண்ட கோடையில், ராணுவ லாரிகளை ஏற்றிய கூட்ஸ் ஒன்று கடந்தது. எங்கள் ரயிலும் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“புகை இல்ல சார்,” என்றேன்.

“கடைசி வேகனும் போகட்டும்,” என்றார்.