கந்தக வேட்டி

ஏழாயிரம்பண்ணையை விட்டு வெகுதூரம் வந்திருந்தேன். சாத்தூர் ரோட்டின் ஓரமாக, வேலை வேட்டியோடு நடந்துகொண்டிருந்தேன். அன்று காலை பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் ஒரு அறை வெடித்துப் போனது. புகை அடங்கியது. மதியச் சோறு முடிந்ததும் எங்கள் போர்மேன் வந்து, போய்க் கந்தகம் சலியுங்கள் என்றார். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே வெளியே வந்துவிட்டேன். இனிப் பட்டாசு வேலைக்குப் போவதில்லை. அது ஒன்றுதான் முடிவாகியிருந்தது. எங்கே போவது, எதைச் சாப்பிடுவது என்பதெல்லாம் முடிவாகவில்லை.

ஆடி மாதம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மேற்கேயிருந்து நடந்து வருகிறவர்கள் ரோடு நெடுக மஞ்சள் துணியில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பொழுது சாயும்போது ஒரு தகரக் கூரை ஹோட்டல் வந்தது. முன்னால் விறகடுப்பு, பின்னால் இரண்டு அறை, நடுவில் பாய்கள். கடையை நடத்திய அக்கா என் காலைப் பார்த்தார். செருப்பு வார் அறுந்து, குதிகால் கொப்புளம் உடைந்திருந்தது.

"வாங்க சாமி, எம்புட்டுத் தூரம் நடந்தீக? தண்ணி அங்கன இருக்கு, காலைக் கழுவுங்க."

என் வேட்டியும் மஞ்சள்தான். மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. இட்லி வந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் பாயில் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. ஓரமாகப் படுத்தேன்.

"காலைல கம்பெனி வண்டி இங்கனதான் டீக்கு நிக்கும், அந்தச் சத்தத்துல எல்லாரும் முழிச்சிருவீக" என்றார் அக்கா.

எங்கள் வண்டிதான் அது. போர்மேனும் அதில்தான் வருவார். எழுந்து மேலே நடந்திருக்கலாம். ஆனால் எனக்கு அவரிடம் பயமில்லை, என்னிடம்தான். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. இந்தக் கம்பெனியை விட்டும் முன்பு ஒருமுறை கிளம்பியிருக்கிறேன். பட்டினி தாங்காமல் அதே வண்டியில் நானே கையைக் காட்டி ஏறினேன். வேறு வேலை இல்லாமல் விடிந்தால் மறுபடியும் ஏறிவிடுவேன். ஆகவே வண்டி வருமுன் ஒரு வேலை வேண்டும்.

விடியும்போது கூட்டம் வெறும் வயிற்றோடு கிளம்பியது. கிளம்புமுன் ரோட்டோரம் சூடம் ஏற்றுவது வழக்கம். கூட்டத்தை நடத்தி வந்தவர் என்னிடம் தீப்பெட்டியை நீட்டினார்.

"ஒத்தையில நடந்து வந்திருக்கீக சாமி. நீங்களே ஏத்துங்க."

நான் பின்னால் நகர்ந்தேன். "நீங்க ஏத்துங்க. நான் தள்ளி நிக்கேன்."

"ஏன் சாமி, தீட்டா?"

"தீட்டு இல்ல. வேட்டி பூராம் கந்தகம்."

அவர் தீப்பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு அம்மாள் சிரித்துவிட்டார். "அடி ஆத்தா, வெடியப் பக்கத்துல போட்டுக்கிட்டா தூங்குனோம்!"

கூட்டமே சிரித்தது. சூடத்தை எனக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய் ஏற்றினார்கள். துன்னூறை மட்டும் மறக்காமல் என்னிடம் வந்து நெற்றியில் பூசிவிட்டுப் போனார்கள்.

அக்கா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "நேத்தே தெரியும். இந்த வாடை எனக்குத் தெரியாதா? கால் வெடிச்சு நின்னீக. சாமின்னு கூப்பிட்டா என்ன குறைஞ்சிரும்னு கூப்பிட்டேன்."

"அக்கா, இங்கன ஏதாச்சும் வேலை இருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அடுப்படி ஆளு ஊருக்குப் போயிட்டான். அடுப்பு எரிப்பீகளா?"

"எரிப்பேன்."

"அப்ப மொதல்ல அந்த வேட்டியக் கழத்திக் கடைக்கு வெளிய போடுலே. கடையோட போயிருவோம்."

மரியாதை அந்த இடத்தோடு முடிந்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. அவர் கொடுத்த பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, கை கால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.

வண்டி வந்து நின்றது. போர்மேன் இறங்கினார்.

"ஏலே, இங்கனயா கெடக்க? ஏறு. சீசன் நேரம், ஆர்டர் நிக்குது."

"வரல."

"என்னலே, நெத்தில துன்னூறு, ஒரே ராத்திரில சாமியாராயிட்டயா?"

அக்கா திரும்பாமலே சொன்னார். "சாமியார் வேலைக்குச் சேந்துட்டாரு. டீ வேணும்னா இருங்க, இனிமேத்தான் அடுப்பு."

வண்டியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் இடம் காலியாகத்தான் இருந்தது. வயிறும் காலிதான்.

அடுப்போரம் இருந்த தீப்பெட்டியை எடுத்தேன். கம்பெனி வாசலில் தினமும் தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே சேர்ந்ததிலிருந்து நான் ஒரு பீடிகூடப் பற்ற வைத்ததில்லை. முதல் குச்சி ஒடிந்துபோனது. இன்னொன்றை எடுத்தேன்.

"அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க. தீ வைக்கப் போறேன்."

போர்மேன் பழக்கத்தில் நாலடி பின்னால் போனார். அடுப்பில் கிடந்த சிரட்டையில் தீ பிடித்தது. விறகைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, எத்தனை டீ என்று வண்டியைப் பார்த்துக் கேட்டேன்.