சீரியலில் வராத காட்சி

தேனியில் ஒரு கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். ஆளுமைக் கோட்பாடுகளைப் பிள்ளைகள் வெறுமனே உருப்போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் எல்லோரும் பார்க்கிற சீரியலில் வரும் பணக்கார அம்மா மரகதத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். மகளை ஏன் அப்படிப் படுத்துகிறாள்? சின்ன வயதில் அடக்கிவைத்த ஆசையா, பழகிப்போன நடத்தையா, பிறவிக் குணமா?

கோம்பையிலிருந்து வரும் செல்வி இந்த மூன்று கோட்பாடுகளையும் நன்றாகவே ஒப்பிட்டிருந்தாள். ஒரு வரிதான் உறுத்தியது. ‘சந்தேகம் வந்துவிட்டால் மரகதம் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.’

மரகதம் எங்கே வேலைக்குப் போனாள்? ‘இப்படி ஒரு காட்சி வரவில்லை’ என்று சிவப்பு மையில் அடித்து, இரண்டு மார்க் குறைத்தேன். போதாதென்று வகுப்பில் வாசித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். “சரிங்க மேடம்” என்றாள் செல்வி.

மறுவாரம் முழுக்க அவள் வரவில்லை. வீடு தேடிப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. திரும்பும்போது ஜன்னலில் அவள் குரல் கேட்டது.

“அம்மா ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்காக மேடம். சாயங்காலம் ஜீப்பு வந்தாத்தான் தொறப்பாக.”

கம்பி வழியாக ஒரு தாளை நீட்டினாள். “நீங்க அடிச்ச எடத்தத் திருத்தி எழுதிட்டேன்.”

அங்கேயே நின்று வாசித்தேன். மூன்று கோட்பாடுகளும் இருந்தன. பூட்டு மட்டும் இல்லை.

அந்த அம்மா வரும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டும். என்ன பேசுவதென்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். அன்றே அந்த இரண்டு மார்க்கையும் போட்டேன். செல்வி கல்லூரிக்குத் திரும்ப வரவே இல்லை.